மாப்பிள்ளை பார்த்துப் பார்த்து எடுத்த மருந்தும் நான் ஊற்றிய மிச்சமும்

1

எனக்கு எழுத வராது. அஞ்சாவது வரைக்கும்தான் படித்தேன். எழுத்து கோணலாகப் போகும். ஒன்றைத் தொடங்கி இன்னொன்றில் போய் நிற்பேன். தேதி, கிழமை எல்லாம் மறந்து போகிறது. படிக்கிறவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். நம்ம ஊர்ப் பக்கம் பத்திரிகை நடத்துகிற தம்பி போன் செய்து, "கனடா போய் ஒன்பது வருஷம் ஆவுதே, அங்க எப்படிப் போவுதுன்னு நாலு பக்கம் எழுதுங்கம்மா" என்று கேட்டார். எண்ணிப் பார்த்தேன். ஆமாம், இந்த ஆயுத பூஜையோடு ஒன்பது. பனியைப் பற்றி எழுதலாம் என்றுதான் உட்கார்ந்தேன். ஆனால் இந்த வருஷ ஆயுத பூஜையில் நான் செய்து வைத்த ஒரு காரியம்தான் முன்னால் வந்து வந்து நிற்கிறது. அதையே எழுதிவிடுகிறேன்.

முதலில் ஆட்களைச் சொல்லிவிடுகிறேன். என் வீட்டுக்காரர் போன பிறகு மண்ணூரில் மாடியில் மூன்று ரூம் கட்டி, ஒரகடம் கம்பெனிகளுக்கு வேலைக்கு வந்த தெற்கத்திப் பிள்ளைகளுக்கு விட்டேன். கீழே அவர்களுக்கே மெஸ். ஷிப்ட் பார்த்துச் சமைக்க வேண்டும். அப்படி வந்தவர்களில் ஒருத்தர்தான் இப்போது என் மாப்பிள்ளை. கோவில்பட்டிப் பக்கம். கார் சாமான் செய்கிற ஒரு கம்பெனியில் செக்கிங் வேலை. இரண்டு வருஷம் மாடியில் இருந்தார். அந்த இரண்டு வருஷத்தில் நான் அவரைத் திட்டாத நாள் இல்லை.

"ஏம்பா, மோட்டாரப் போட்டுட்டு எங்க போய்கினு கீற? டேங்க் வழிஞ்சி தெருவெல்லாம் ஆறா ஓடுது!"

"ஏம்பா, ஷூவ படிக்கட்டுல வுடாதன்னு எத்தினி வாட்டி சொல்றது உனக்கு?"

அவரும் "சரிம்மா, சரிம்மா" என்று சிரித்துக்கொண்டே எடுத்து வைப்பார். மறுநாள் அதே படிக்கட்டில் அதே ஷூ.

பிறகு அவருக்கும் என் மகள் சுமதிக்கும் மனசு ஒத்துப் போய், இரண்டு பக்கமும் கொஞ்சம் முறைத்து, கொஞ்சம் அழுது, சேரப்பணஞ்சேரியில் ஒரு சின்ன மண்டபத்தில் கல்யாணம் செய்து வைத்தோம். தாலி ஏறிய நிமிஷத்தில் என் வாய் மூடிக்கொண்டது. எங்கள் வகையறாவில் மாமியார் மாப்பிள்ளைக்கு எதிரில் நின்று பேச மாட்டாள். அவர் கூடத்துக்கு வந்தால் இவள் உள்ளே போவாள். பேர் சொல்ல மாட்டாள். ஏதாவது சொல்ல வேண்டும் என்றால் மகள் வழியாகத்தான். நேற்று வரைக்கும் "ஏம்பா" என்று அதட்டியவரைப் பார்த்ததும் அன்றைக்குக் கதவுக்குப் பின்னால் போய் நின்றேன். யாரும் என்னை நிற்கச் சொல்லவில்லை. கால் தானாகப் போனது.

அது பதினேழு வருஷத்துக்கு முன்னால்.

2

இங்கே வந்தபிறகு இது பெரிய கூத்தாகிவிட்டது. இது கோதுமை விளைகிற பக்கம், சின்ன ஊர். வெளியே போய் நிற்கலாம் என்றால் பனி, உள்ளே ஒரே சமையலறை, ஒரே கூடம். ஒளிந்து நிற்கக் கதவுகூட இல்லை. இங்கே கட்டுகிற வீட்டில் சமையலறைக்குக் கதவு வைக்க மாட்டார்கள். சுமதி முதியோர் இல்லத்தில் வேலை பார்க்கிறாள், அவளுக்கும் ஷிப்ட்தான். அவள் இல்லாத நேரத்தில் மாப்பிள்ளையும் நானும் என்ன செய்வது? நான் ஃப்ரிட்ஜைப் பார்த்துச் சொல்வேன்.

"சோறு வடிச்சாச்சு. ரசம் சூடா கீது."

மாப்பிள்ளை அவர் பக்கத்தில் இருந்து அதே ஃப்ரிட்ஜிடம் சொல்வார். "இந்தா வந்துட்டேன்னு சொல்லுங்க."

பேத்தி யாழினிக்குப் பதினாலு வயசு. அவளுக்கு இதைப் பார்த்தால் தாங்காது. "ஆயா, ஃப்ரிட்ஜுக்கு ரசம் வேணாமாம். அப்பாவுக்கு வேணுமாம். அப்பா ஒன்னும் கடிக்க மாட்டார், பேசு" என்பாள். அவள் முன்பெல்லாம் எனக்கும் அவருக்கும் நடுவில் ஓடி ஓடித் தூது சொல்வாள். இப்போது காதில் மாட்டிக்கொண்டு மாடிக்குப் போய்விடுகிறாள். தமிழில் கேட்டால் பாதிக்கு ஆங்கிலத்தில் பதில் வருகிறது. வெள்ளிக்கிழமை ஆனால் சிநேகிதி வீட்டில் படுக்கை. அந்த வயசு அப்படித்தான் என்று சுமதி சொல்கிறாள். சரிதான். ஆனால் தூது போக ஆள் இல்லாமல் போனது எனக்குத்தான் தெரியும்.

பக்கத்துப் பண்ணையில் வால்டர் என்று ஒரு பெரியவர். எழுபதுக்கு மேல் இருக்கும். எனக்குத் தெரிந்த ஆங்கிலம் எல்லாம் மெஸ்ஸில் பிள்ளைகள் பேசிய ஆங்கிலம்தான். டிராக்டரில் இருந்து அவர் இறங்கினால் "டூட்டி ஓவர்?" என்பேன். "நோ, ஓட்டி!" என்பார். ஓவர்டைமுக்கு நம்ம கம்பெனிப் பிள்ளைகள் சொல்கிற பேர் அது, சுமதி அவருக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறாள்.

இந்த வால்டர்தான் மாப்பிள்ளைக்கு மான் வேட்டையைப் பழக்கிவிட்டவர். இந்தப் பக்கம் பாதி வீடுகளில் குளிர்காலத்துக் கறி இப்படித்தான் வருகிறது. அரசாங்கமே சீட்டுக் கொடுக்கிறது, இத்தனை மான், இந்தத் தேதிக்குள் என்று. அதற்கு முன்னால் துப்பாக்கி லைசென்ஸ். அதற்கு ஒரு வகுப்பு, ஒரு பரீட்சை, ஒரு கட்டு பாரம். பாரத்தில் வீட்டுக்காரி கையெழுத்தும் கேட்கிறார்கள். அதோடு விடாமல் ஆபீஸில் இருந்து ஒரு அம்மா சுமதிக்குப் போன் செய்து, உங்கள் வீட்டுக்காரர் கையில் துப்பாக்கி இருந்தால் உங்களுக்குப் பயமா என்று கேட்டார்களாம். "அவருதான் எனக்குப் பயப்படுறாருன்னு சொன்னேம்மா" என்று சிரித்தாள். நான் பயந்தது வேறு. என்னையும் கூப்பிட்டு, மாப்பிள்ளை எப்படி என்று கேட்டால் நான் என்ன பதில் சொல்வேன், எப்படி அவரைப் பற்றி வாய் திறப்பேன் என்று இரண்டு நாள் போன் பக்கமே போகவில்லை. நல்லவேளை கூப்பிடவில்லை.

3

தோட்டாவைக் கடையில் வாங்கலாம். ஆனால் மாப்பிள்ளை தானே நிரப்புகிறார். சுட்டுப் போட்ட பித்தளைக் கூட்டைப் பொறுக்கி வந்து, தேய்த்துக் கழுவி, அடியில் புதுக் கேப் வைத்து, உள்ளே வெடிமருந்தை நிறுத்துப் போட்டு, மேலே குண்டை வைத்து அமுக்க வேண்டும். காரேஜில் அதற்கென்று ஒரு மேஜை, கைப்பிடி வைத்த ஒரு சின்ன பிரஸ், நகைக்கடைத் தராசு மாதிரி ஒன்று, பூட்டுப் போட்ட மர அலமாரி. மருந்தை டப்பாவோடு அந்த அலமாரியில்தான் வைப்பார்.

இந்த வருஷம் ஒரு சங்கடம். அவர் வழக்கமாக வாங்குகிற மருந்து கடையிலேயே இல்லை. எப்போது வரும் என்று கடைக்காரருக்கும் தெரியவில்லை. பழைய டப்பாவில் இரண்டு விரல் உயரம்தான் மிச்சம். வேறு மருந்து பார்த்தாக வேண்டும். கோடை முழுக்க இதே பேச்சு. ஒரு தடிப் புத்தகம், ஒரு நோட்டு, வால்டர். ஃப்ரிட்ஜ் கதவில் மூன்று மருந்தின் பேரை எழுதி ஒட்டியிருந்தார். ஒன்றை அடிப்பார், மறுநாள் மறுபடி எழுதுவார்.

சுமதி பொறுக்க முடியாமல், "என்னைப் பொண்ணு பாக்க வந்தப்போ இத்தினி யோசிச்சீங்களா?" என்றாள்.

"உன்னையப் பாக்க நான் எங்க வந்தேன்? மேல இருந்து சோத்துக்கு எறங்கி வந்தேன், நீ இருந்த" என்றார்.

நான் அடுப்புப் பக்கம் திரும்பிச் சிரித்துக்கொண்டேன்.

மருந்தில் அப்படி என்ன தேர்ந்தெடுக்க இருக்கிறது என்று எனக்கும் ஆசைதான் தெரிந்துகொள்ள. சுமதியைக் கேட்கச் சொன்னேன். அவர் சொல்ல, அவள் எனக்குத் திருப்பிச் சொன்னாள். எல்லா மருந்தும் எரியத்தான் செய்யுமாம். வேகம்தான் வேறு வேறு. ஒன்று குப்பென்று பிடித்து ஒரே மூச்சில் எரிந்துவிடும். ஒன்று நின்று நிதானமாக எரியும். சின்னக் கூட்டுக்கு வேகமானது. இவருடைய துப்பாக்கி மாதிரி நீளக் கூடு, கனமான குண்டு என்றால் நிதானமானது. வேகமானதை அதில் போட்டால் குழல் தாங்காது. ரொம்ப நிதானமானதைப் போட்டால் குண்டு வெளியே போன பிறகும் எரிந்துகொண்டிருக்கும், கரிதான் மிச்சம்.

இது எனக்குச் சட்டென்று புரிந்தது. மெஸ்ஸில் சிலிண்டர் வராத நாளில் விறகு வைப்பேன். பன ஓலை குபீரென்று பிடித்து அடங்கிவிடும், அதில் சோறு வேகாது. சவுக்கு நின்று எரியும். எந்தப் பானைக்கு எது என்று பார்த்துத்தானே வைக்க வேண்டும்.

மணியின் உருவமும் வேறாம். ஒரு மருந்து ரவை மாதிரி உருண்டை, தராசில் கொட்டும்போது ஒரே சீராக விழும். ஒன்று பென்சிலுக்குள் இருக்கிற கறுப்பு முள்ளைத் துண்டு துண்டாக நறுக்கின மாதிரி, நடுவில் சிக்கும், பொறுமையாக நிறுக்க வேண்டும். மாப்பிள்ளைக்கு ரவை மாதிரிதான் பிடித்திருந்தது. ஆனால் வால்டர் ஒரு விஷயம் சொன்னாராம். சில மருந்துக்கு வெயிலில் ஒரு குணம், குளிரில் ஒரு குணம். ஆகஸ்டில் சுட்டுப் பார்த்துச் சரி என்று வைத்துக்கொண்டு நவம்பர் பனியில் போனால் குண்டு கீழே இறங்கிவிடும். மான் சாகாமல் அடிபட்டு ஓடும். அது பாவம். அதனால் குளிரிலும் மாறாத மருந்துதான் வேண்டும் என்று, சிக்கினாலும் பரவாயில்லை என்று, முள் நறுக்கின மாதிரி இருக்கிற ஒன்றையே கடைசியில் எடுத்தார். பழையது செய்த அதே கம்பெனி டப்பா. அதே நிறம், அதே உயரம். நம்பர் மட்டும் வேறு.

புத்தகத்தில் போட்டிருக்கிற குறைந்த அளவில் தொடங்கி, கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றி, ஒவ்வொன்றையும் சுட்டுப் பார்த்து நோட்டில் எழுதி, செப்டம்பர் முடிவதற்குள் சோதனை எல்லாம் முடித்துவிட்டார். வேட்டைக்கான தோட்டாவை அப்புறம் நிரப்பலாம் என்று வைத்திருந்தார்.

4

ஒரகடத்தில் ஆயுத பூஜை என்றால் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. முந்தின நாளே லைனை நிறுத்தி மிஷினை எல்லாம் கழுவித் துடைத்து, பொட்டு வைத்து, வாழைக்கன்று கட்டி, மறுநாள் பூசணிக்காய் உடைக்கிறதும், பொரிப் பொட்டலமும், ஸ்வீட் டப்பாவும். என் மாடிப் பிள்ளைகள் பதினோரு பேரும் பதினோரு டப்பா ஸ்வீட்டோடு வருவார்கள். எல்லாம் ஒரே ஸ்வீட். டப்பா காலியானதும் நான் விட மாட்டேன். கழுவிக் காயவைத்து ஒன்றில் மிளகு, ஒன்றில் கடுகு. எங்கள் வீட்டில் டப்பா மேல் எழுதியிருப்பதும் உள்ளே இருப்பதும் என்றைக்கும் ஒன்றாக இருந்ததில்லை. இரண்டு டப்பாவில் கொஞ்சம் கொஞ்சம் மிச்சம் இருந்தால் ஒன்றாகக் கொட்டி ஒரு டப்பாவை விடுவிப்பது எனக்கு மூச்சு விடுகிற மாதிரி. ஒருமுறை இரண்டு பிள்ளைகள் அவரவர் வீட்டில் இருந்து கொண்டுவந்த இட்லிப் பொடியை அடியில் கிடந்தது என்று ஒன்றாகக் கொட்டிவிட்டேன். ஒருத்தன் தென்காசி, ஒருத்தன் சிவகங்கை. எங்க அம்மா பொடியில எள்ளு வந்துருச்சு என்று ஒருத்தன் இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. அப்போதாவது புத்தி வந்திருக்க வேண்டும்.

இங்கேயும் மாப்பிள்ளை ஆயுத பூஜையை விட மாட்டார். காரையும், பனி தள்ளுகிற மிஷினையும், சுமதியின் மிக்ஸியையும் துடைத்து வைப்போம். இந்த வருஷம் அந்த மேஜையையும் சேர்க்கலாம் என்றார். துப்பாக்கியை எடுக்கவில்லை, அது பூட்டில் இருந்தது. பிரஸ், தராசு, அலமாரி மட்டும். அலமாரியைத் திறந்து இரண்டு மருந்து டப்பாவையும் மேஜை மேல் எடுத்து வைத்தார். அந்த நேரம் பார்த்து வால்டரின் டிராக்டர் எங்கேயோ நின்றுபோய், இவரைக் கூப்பிட்டுவிட்டார். "அத்தைட்ட சொல்லிரு, வந்து பொட்டு வைக்கேன்" என்று சுமதியிடம் சொல்லிவிட்டுப் போனார். சுமதி மேலே குளிக்கப் போனாள்.

அவர் வருவதற்குள் சுத்தமாக வைத்துவிடலாம் என்று நான் துணியை எடுத்துக்கொண்டு போனேன். மேஜையைத் துடைத்தேன், பிரஸ்ஸைத் துடைத்தேன். இரண்டு டப்பா. ஒரே மாதிரி. திறந்து பார்த்தேன். ஒன்றில் நிறைய, ஒன்றில் அடியில் கொஞ்சம். இரண்டிலும் கறுப்பாய் நறுக்கின முள், இரண்டும் ஒரே மருந்து என்றே எடுத்துக்கொண்டேன். பாவம், மிச்சத்தைக்கூடக் கொட்ட நேரம் இல்லாமல் ஓடுகிறாரே என்றுதான் நினைத்தேன். கொஞ்சம் இருந்ததை நிறைய இருந்ததில் ஊற்றினேன். மூடி, கலக்கட்டும் என்று நன்றாகக் குலுக்கினேன். காலி டப்பாவைக் கழுவி ஜன்னலில் கவிழ்த்தேன். மறுநாள் அதில் பொத்தானும் நூல்கண்டும் போட்டு என் கட்டிலடியில் வைத்துக்கொண்டேன். நல்ல டப்பா, மூடி இறுக்கமாக இருந்தது.

மாப்பிள்ளை இருட்டும்போதுதான் வந்தார், அவசரத்தில் பொட்டு வைத்தார், அலமாரியைப் பூட்டினார். பழைய டப்பா எங்கே என்று அவர் தேடவில்லை. தானே அலமாரியின் பின்வரிசையில் தள்ளி வைத்துவிட்டதாக நினைத்தாராம். அதற்கு அடுத்த வாரம் வேட்டைக்கு இருபது தோட்டா நிரப்பினார்.

5

நவம்பரில் ஒரு சனிக்கிழமை. விடியவில்லை. சுமதி காலை ஷிப்டுக்குப் போய்விட்டாள். யாழினி சிநேகிதி வீட்டில். நான் புளிசாதம் கட்டிக்கொண்டிருந்தேன், மாப்பிள்ளை எடுத்துப் போக. அவர் பூட்ஸ் கயிறு கட்டிக்கொண்டே போனை ஸ்பீக்கரில் போட்டிருந்தார். அந்தப் பக்கம் மாரியப்பன். அவரோடு என் மாடியில் ஒரே ரூமில் இருந்த பிள்ளை. இன்னும் ஒரகடத்தில்தான் வேலை. ஷிப்ட் முடிந்து சுங்குவார்சத்திரத்தில் டீ குடித்துக்கொண்டே பேசினான், பஸ் ஹாரன் எல்லாம் கேட்டது.

மாப்பிள்ளை இந்தத் தோட்டா சமாசாரத்தை எப்போதும் வால்டரோடு ஆங்கிலத்தில்தான் பேசுவார். அன்றைக்குத்தான் நான் தமிழில் கேட்டேன்.

"மச்சான், அப்ப பழைய மருந்து மிச்சம் இருந்துச்சுன்னு சொன்னியே, அதைப் புதுசுல கொட்டிருவியோ?" என்று மாரி கேட்டான்.

"செத்தேன்! ஏலே, நம்ம லைன்ல மாடல் மாறும்போது பழைய மாடல் போல்ட் ஒண்ணு மேஜைல கெடந்தாலே சூப்பர்வைசர் லைனை நிறுத்திருவாருல்ல? அதே கணக்குதான். ஒரு மருந்து எடுத்தா இன்னொண்ணு மேஜைலயே இருக்கக் கூடாது. வேற டப்பால மாத்தக் கூடாது. கலந்துட்டா எந்த வேகத்துல எரியும்னு யாருக்கும் தெரியாது. பழையது இதைவிட வேகம் வேற. குழல் பொளந்து மூஞ்சில அடிச்சா கண்ணு போகும், ஆளே போகும்."

"யாத்தி. அத்தைக்குத் தெரியுமா இதெல்லாம்?"

"அத்தை எங்கூட என்னைக்குப் பேசுனாக?" என்று இரண்டு பேரும் சிரித்தார்கள்.

என் கையில் இருந்த கரண்டி நின்றுவிட்டது. அந்த இருபது தோட்டாவும் சாப்பாட்டு மேஜை மேல் ஒரு பிளாஸ்டிக் பெட்டியில் இருந்தது.

சுமதிக்குப் போன் செய்தேன். வேலை நேரத்தில் அவள் போன் லாக்கரில் இருக்கும் என்று தெரியும். தெரிந்தும் செய்தேன். ஆங்கிலத்தில் ஒரு பொம்பளை ஏதோ சொல்லிவிட்டு 'கீ' என்றது. மறுபடி செய்தேன். அதே 'கீ'.

ஃப்ரிட்ஜைப் பார்த்து நின்றேன்.

"இன்னிக்குப் போவாம இருந்தா நல்லா இருக்கும்."

மாப்பிள்ளை ஜாக்கெட் போட்டுக்கொண்டே சிரித்தார். "சனிக்கிழமைன்னா? புரட்டாசி எப்பவோ முடிஞ்சிருச்சுன்னு சொல்லுங்க."

"அதில்ல. தோட்டா சரியில்ல."

நான் சொன்னது எனக்கே கேட்கவில்லை. ஜாக்கெட் சரசரப்பு, வெளியே வால்டர் வண்டியின் ஹாரன். அவர் புளிசாதத்தை எடுத்தார், பெட்டியை எடுத்தார், "போய்ட்டு வாரேன்னு சொல்லிருங்க" என்று வழக்கம்போல ஃப்ரிட்ஜிடம் சொல்லிவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு போனார்.

எவ்வளவு நேரம் அப்படி நின்றேன் என்று தெரியவில்லை. ஒரு நிமிஷம்கூட இருக்காது. அந்த நேரத்தில் எனக்கு வந்த எண்ணத்தையும் எழுதிவிடுகிறேன், மறைக்கக் கூடாது. ஒருவேளை ஒன்றும் ஆகாது, சாயங்காலம் சுமதி வந்ததும் சொல்லிக்கொள்ளலாம் என்று ஒரு எண்ணம் வந்தது. அவ்வளவு வெட்கம் எனக்கு. அதற்குள் வண்டி பின்னால் நகர்கிற சத்தம் கேட்டது.

சாக்ஸ் காலோடு ஓடினேன். புடவை, மேலே ஸ்வெட்டர், கையில் கரண்டி. பனி முழங்காலுக்குக் கீழ் வரை. வண்டி தெருவுக்குத் திரும்பிவிட்டது. முன்னால் போய் நின்று கரண்டியால் பானெட்டில் படார் படார் என்று அடித்தேன்.

"ஏம்பா! எறங்கு! எறங்கு கீழ! அந்தத் தோட்டாவத் தொடாத!"

வால்டர் பிரேக்கைப் போட்டுவிட்டுத் தொப்பியைக் கழற்றினார். ஏன் கழற்றினார் என்று தெரியவில்லை. மாப்பிள்ளை கதவைத் திறந்துகொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தார், வாய் திறந்தபடி. வேறு யாரோ கத்தினார்கள் என்று நினைத்த மாதிரி எனக்குப் பின்னால் பார்த்தார்.

"நாந்தான் ஊத்தினேன். பூஜை அன்னிக்கு. கொஞ்சமா இருந்தத நெறைய இருந்ததுல ஊத்திட்டேன். குலுக்கிட்டேன். டப்பா என்னாண்டதான் கீது. நீ போவாத. வாணாம், நீ போவாத."

முகத்தைப் பார்த்துத்தான் சொன்னேன். பதினேழு வருஷத்தில் அவருக்குக் காதோரம் நரைத்திருந்தது. அன்றைக்குத்தான் பார்க்கிறேன்.

அவர் இறங்கி வந்தார். கோபமாகக் கத்துவார் என்று கண்ணை மூடிக்கொண்டேன். பெட்டியைத் திறந்து விரலால் ஒவ்வொன்றாகத் தொட்டு எண்ணினார். இருபதும் இருந்தது. பிறகு வண்டிப் படியில் உட்கார்ந்துவிட்டார். பெட்டியை மூடி மடியில் வைத்துக்கொண்டார்.

"அத்தே" என்றார். "உள்ள வாங்க முதல்ல. கால் வெறைச்சுப் போகும்."

6

வால்டர் மட்டும் வேட்டைக்குப் போனார். மாப்பிள்ளை போகவில்லை.

நான் பொத்தானைக் கொட்டிவிட்டு அந்தக் காலி டப்பாவைக் கொண்டுவந்து கொடுத்தேன். அவர் நம்பரைப் படித்தார். எவ்வளவு இருந்தது, எதை எதில் ஊற்றினேன், குலுக்கினது எத்தனை தடவை, வேறு எந்த டப்பாவையாவது தொட்டேனா என்று கேட்டார். செக்கிங் வேலை பார்த்தவர் அல்லவா, கம்பெனியில் கேட்கிற மாதிரியே கேட்டார். நான் நின்றுகொண்டே பதில் சொன்னேன். உட்காருங்கள் என்றார். உட்கார்ந்தேன். எதிரில்.

"ஒண்ணும் ஆகாமலும் போயிருக்கலாம் அத்தே. ஆனா தெரியாதுல்ல. தெரியாததைத் தோள்ல வச்சு அழுத்தக் கூடாது."

"என் புத்திய செருப்பாலதான் அடிச்சுக்கணும்."

"நீங்க எதுக்கு? பூட்ட வேண்டியதைத் திறந்து போட்டுட்டுப் போனது நானு. ரெண்டு டப்பாவை ஒரே மேஜைல வச்சது நானு. பழைய டப்பா எங்கன்னு பாக்காம நெறைச்சது நானு. லைன்ல இதைப் பண்ணியிருந்தா அன்னைக்கே என்னைய வெளிய அனுப்பியிருப்பாங்க."

பிறகு பகல் முழுக்க அந்த இருபதையும் பிரித்தோம். சுத்தியல் மாதிரி ஒன்று இருக்கிறது. தோட்டாவை அதற்குள் வைத்துத் திருகிக் கட்டையில் தட்டினால் குண்டு கழன்று மருந்து உள்ளேயே விழும். அவர் தட்டினார், நான் கிண்ணம் பிடித்தேன். ஒவ்வொன்றாக எண்ணினேன். ஏழாவதில் இருந்து அவரிடம் கேள்வி கேட்க ஆரம்பித்துவிட்டேன். அந்தப் பன ஓலை, சவுக்குக் கணக்குச் சரிதானா என்று கேட்டேன். "இத்தனை நாள் வால்டர் எனக்கு விளக்கினதைவிட இது நல்லா இருக்கே" என்றார். மொத்த மருந்தையும், டப்பாவில் மிச்சம் இருந்ததையும், பின்பக்கத்துத் தோட்டத்தில் பனியைத் தள்ளிவிட்டு மெல்லிசாகத் தூவினார். மண்ணுக்கு அது உரம்தானாம்.

சுமதி சாயங்காலம் வந்தாள். காரேஜ் கதவில் நின்று எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள். கையில் இருந்த பை கீழே விழுந்தது.

"இன்னா நடக்குது இங்க? ரெண்டு பேரும் பேசிகினு கீறீங்க? யாராவது செத்துட்டாங்களா?"

"யாரும் சாகலை" என்றார் மாப்பிள்ளை. "அதைத்தான் பேசிட்டு இருக்கோம்."

அவளிடம் முழுதும் சொன்னபோது அவள் என்னைத் திட்டினாள், அவரைத் திட்டினாள், பிறகு அந்தக் கட்டையிலேயே உட்கார்ந்து அழுதாள். யாழினிக்கு யாரும் சொல்லவில்லை. ஆனால் எப்படியோ தெரிந்துவிட்டது. அன்றைக்கு இரவு என் அறைக்கு வந்து என் பக்கத்தில் படுத்துக்கொண்டாள்.

அடுத்த வாரம் அவர் புது டப்பா வாங்கி வந்தார், அதே நம்பர். மறுபடி குறைந்த அளவில் இருந்து தொடங்கிச் சோதனை பார்த்தார். நேற்றுத்தான் முடிந்தது. வேட்டை நாள் இன்னும் கொஞ்சம் மிச்சம் இருக்கிறது.

எழுதி முடித்துவிட்டேன் என்று நினைக்கிறேன். ஆனால் எனக்குச் சந்தேகமாக இருக்கிறது. மருந்தின் வேகம், மணியின் உருவம், குளிர், இதெல்லாம் நான் காதில் வாங்கினது. நான் தப்பாக எழுதி, அதை நம்ம பக்கம் யாராவது படித்து, தெரிந்த மாதிரி நினைத்துக்கொண்டால் அதுவும் என் தலையில்தான். அச்சில் போடும் முன் விவரம் தெரிந்த ஒருவர் வரிவரியாகப் பார்த்துத் தப்பை அடித்துவிட வேண்டும். அதற்கு இந்த வீட்டில் ஒரே ஆள்தான். சுமதிக்கு இன்றைக்கு மாலை ஷிப்ட். பேத்தி பள்ளிக்கூடத்தில். காரேஜில் பிரஸ் சத்தம் கேட்கிறது. அந்த ஒரு நாளுக்குப் பிறகு எனக்கு மறுபடியும் வெட்கம் வந்து, இத்தனை நாளாக அவரோடு நான் பேசவில்லை.

மூக்குக் கண்ணாடியைத் துடைத்துவிட்டேன். இந்தக் காகிதங்களை எடுத்துக்கொண்டு நானே போகிறேன். "இதக் கொஞ்சம் பாத்துக் குடுங்க" என்று கேட்கப் போகிறேன்.